உரோமர் போன பிறகு போட்ட தரை

போன கிழமை தரம் 10 வகுப்பில் உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிப் பேச்சு வந்தது. பாடத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, உரோமர் ஆண்ட பிரித்தானியாவைப் பற்றியும் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினேன். 43: உரோமர் வந்தார்கள். 410: உரோமர் போனார்கள். மனப்பாடம் செய்ய வசதியான வரிகள். நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடமாக அப்படித்தான் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன்.

பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. வழமையாக வாய் திறக்காத பிள்ளை.

"ஸேர், 410ல எல்லாரும் போயிட்டாங்கண்டா, அந்த வீடுகள்ல இருந்த ஆக்கள் என்ன ஆனாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "படை போச்சு, ஆட்சி போச்சு, ஆக்கள் அங்கயே இருந்திருப்பாங்க" என்று ஒரு அவசரப் பதிலைச் சொன்னேன். மணியும் அடித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் வரலாற்று ஆய்வாளர்களே நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்கு ஒரு பதில், 2020ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஒரு கிராமப்புறப் பள்ளத்தாக்கில் இருந்த இடிந்த வீட்டின் தரைக்கடியில் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் சொல்ல நேரம் போதாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

*

முதலில் "வில்லா" என்ற சொல். நம் ஊர்ப் பக்கம் வில்லா என்றால் கடற்கரையோரம் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடு. உரோமர் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நகரத்துக்கு வெளியே, வயல், மேய்ச்சல் நிலம், காடு எல்லாம் சூழ இருக்கும் ஒரு நிலக்கிழாரின் வீடுதான் வில்லா. அது வீடும்தான், பண்ணையும்தான். விளைச்சலும் கம்பளியும் அங்கிருந்து நகரச் சந்தைக்குப் போகும். காசு அங்கே வரும்.

இன்னொரு விடயம். இந்த வில்லாக்களில் இருந்தவர்கள் எல்லோரும் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அல்லர். பெரும்பாலானோர் அந்த மண்ணிலேயே பிறந்த பிரித்தானியர். உரோமர் வந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் உள்ளூர்ப் பெரிய குடும்பங்கள் உரோமப் பாணியில் வீடு கட்டவும், உரோமப் பாணியில் குளிக்கவும் சாப்பிடவும் பழகிக்கொண்டன. "உரோமர் போனார்கள்" என்ற வரி இங்கேயே ஆட்டம் காணத் தொடங்குகிறது. 400ஆம் ஆண்டளவில் அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குப் போவதற்கு வேறு ஊர் ஏது? பத்துப் பதினைந்து தலைமுறையாக அதுதானே அவர்களுடைய ஊர்.

பிரித்தானியாவை 43ஆம் ஆண்டில் பிடித்தது குளோடியஸ் பேரரசனின் படை. இந்தக் குளோடியஸ் நமக்கும் கொஞ்சம் தெரிந்தவர்தான். இலங்கையிலிருந்து தூதுக்குழு ஒன்று உரோமுக்குப் போனது அவருடைய காலத்தில். பிளினி என்ற உரோம எழுத்தாளர் அதைப் பதிவு செய்திருக்கிறார். அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் கடலில் காற்றினால் அடித்து வரப்பட்டு இலங்கையில் கரையேறியதாகவும், அவரிடம் இருந்த நாணயங்கள் வெவ்வேறு அரசர்களின் தலை பதித்திருந்தும் ஒரே நிறையில் இருப்பதைக் கண்டு நம் அரசன் வியந்து, நான்கு தூதர்களை அனுப்பியதாகவும் பிளினி எழுதுகிறார். நாணயம் என்ற இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

*

இனி அந்த வீட்டுக்குப் போவோம்.

இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் குளொஸ்டர்ஷயர் என்ற மாவட்டம். அங்கே கொட்ஸ்வோல்ட்ஸ் என்ற சுண்ணக்கல் மலைத்தொடர். உயரமான மலைகள் அல்ல, ஆடு மேயும் புல்மேடுகள். அந்த மேடுகளுக்கிடையே கோல்ன் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில், காட்டை முதுகில் சாய்த்துக்கொண்டு இருக்கிறது செட்வேர்த் வில்லா. தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றரில் சைரன்செஸ்டர் நகரம். உரோமர் காலத்தில் அதன் பெயர் கொரினியம். அன்றைய பிரித்தானியாவில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் அதுதான்.

2ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கே முதல் கட்டடங்கள் எழுந்தன. அப்போது பெரிய ஆடம்பரம் இல்லை. தனித்தனியாக நின்ற சில கட்டடங்கள். தலைமுறை தலைமுறையாக அறைகளைக் கூட்டி, நடைபாதைகளால் இணைத்து, 4ஆம் நூற்றாண்டில் அது மாளிகை ஆனது. முற்றத்தைச் சுற்றி மேற்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று பக்கமும் அறைகள். குளிப்பதற்கு மட்டும் இரண்டு தொகுதி. ஒன்றில் ஈரமான நீராவிச் சூடு, மற்றதில் உலர்ந்த சூடு. வருகிற விருந்தாளி விரும்பியதைத் தெரிவு செய்யலாம்.

இந்தச் சூடு எப்படி வந்தது என்பதுதான் பிள்ளைகளுக்கு நான் படம் கீறிக் காட்ட விரும்பும் விடயம். ஹைப்போகோஸ்ட் என்பது அதன் பெயர். தரையை நிலத்தில் நேரடியாகப் போட மாட்டார்கள். முதலில் கல்லாலோ செங்கல்லாலோ சிறு சிறு தூண்களை வரிசையாக நிறுத்துவார்கள். அதன் மேல் பலகைக்கல் அடுக்கி, காரை போட்டு, அதற்கும் மேலேதான் தரை. ஆக, தரைக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கும். சுவருக்கு வெளியே ஒரு அடுப்பு. அதில் விறகு எரியும்போது சூடான காற்றும் புகையும் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து, தரையைச் சூடாக்கி, சுவருக்குள் பதித்த குழாய் போன்ற ஓடுகள் வழியாக மேலேறி வெளியே போகும். வெளியே பனி கொட்டும். உள்ளே வெறுங்காலோடு நடக்கலாம். புகை கண்ணில் படாது.

ஆனால் அடுப்பு அறைக்கு வெளியேதானே? அந்த அடுப்புக்கு முன்னால் குந்தி இருந்து விறகு தள்ளியவர் யார்? வீட்டு அடிமைகளும் வேலைக்காரர்களும்தான். காட்டில் மரம் தறித்தவர், சுமந்தவர், சாம்பல் அள்ளியவர் எல்லோரும் அவர்களே. உள்ளே இருந்தவர்களுக்குச் சூடு மட்டும் தெரிந்தது. வெளியே இருந்தவர்களுக்கு நெருப்பும் குளிரும் இரண்டும் தெரிந்தன. இன்று அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தரையின் அழகைப் படம் எடுக்கிறார்கள். தரைக்குக் கீழே இருக்கும் அந்தத் தூண்களையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

மேற்குப் பக்கத்தில் விருந்து மண்டபம். அதன் தரை மொசைக். சிறு சிறு கற்களைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் கொண்டுவரும் வேலை. நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்களை ஆள் உருவில் காட்டியிருக்கிறார்கள். வசந்தம், கோடை, குளிர்காலம் மூன்றும் தப்பியிருக்கின்றன. இலையுதிர்காலம் அழிந்துவிட்டது. இதில் குளிர்காலத்தைப் பார்க்க வேண்டும். தலையை மூடும் தொப்பியோடு சேர்ந்த தடித்த கம்பளி மேலாடை. ஒரு கையில் இலையில்லாத கொப்பு, மறு கையில் பிடித்த முயல். பிரித்தானியாவின் அந்தக் கம்பளி மேலாடைக்குப் பேரரசு முழுவதும் பெயர் இருந்தது. 301ஆம் ஆண்டில் டயோகிளீஷியன் பேரரசன் பொருட்களுக்கு விலைக் கட்டுப்பாடு போட்டபோது, அந்தப் பட்டியலில் அதுவும் இடம் பிடித்தது. மற்றப் பருவங்கள் உரோமக் கதைகளிலிருந்து வந்தவை போல இருக்க, குளிர்காலம் மட்டும் பக்கத்துப் புல்மேட்டில் ஆடு மேய்த்துவிட்டு வந்தவன் போல இருக்கிறது.

வில்லாவின் வடமேற்கு மூலையில் ஒரு நீரூற்று. அதைச் சுற்றி எண்கோணத் தொட்டி கட்டி, நீர்த் தேவதைக்குரிய இடமாக வைத்திருந்தார்கள். பிறகு 4ஆம் நூற்றாண்டில் பேரரசே கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியபோது, அந்தத் தொட்டியின் விளிம்புக் கல்லில் யாரோ கிறிஸ்துவைக் குறிக்கும் அடையாளத்தைக் கீறியிருக்கிறார்கள். நம்பிக்கை மாறியது, கல் மாறவில்லை. ஊற்று இன்றும் அந்தத் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கிறது.

*

இவ்வளவும் மண்ணுக்குள் புதைந்து, மேலே காடு வளர்ந்து கிடந்தது. 1864ஆம் ஆண்டில் வெளியே வந்தது. அது வந்த விதத்தை இப்படிச் சொல்வார்கள்: முயல் பிடிப்பதற்கு ஃபெரட் என்று ஒரு பிராணியை அங்கே வளர்ப்பார்கள், நம் ஊர்க் கீரி மாதிரி. அந்த நிலத்தின் வேட்டைக்காட்டுக் காவலாளி ஒருவரின் ஃபெரட் வளைக்குள் போய்த் திரும்பி வரவில்லை. அதைத் தேடித் தோண்டப் போனபோது சின்னச் சின்னச் சதுரக் கற்கள் கையில் வந்தன.

நிலம் எல்டன் பிரபுவுக்குச் சொந்தம். அவரது உறவினர் ஜேம்ஸ் ஃபெரர் ஆட்களை இறக்கிக் கிளறினார். இரண்டு வருடத்துக்குள் பெரும் பகுதி வெளிப்பட்டது. சுவர்களை மழையிலிருந்து காக்க அவற்றின் மேல் சின்னக் கூரை போல ஓடு வைத்தார்கள். நடுவில் ஒரு சிறு அருங்காட்சியகமும் ஒரு வீடும் கட்டினார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்து அளவில் இது நல்ல வேலை. ஆனால் அவர்கள் தேடியது சுவரையும் மொசைக்கையும் நாணயத்தையும்தான். இடையில் இருந்த மண்ணை, கரியை, எலும்பை அள்ளி வெளியே கொட்டினார்கள். அவற்றுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும் என்று அன்று எவருக்கும் தெரியாது.

1924ஆம் ஆண்டில் வில்லா நேஷனல் ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தது. பிறகும் அவ்வப்போது அகழ்வுகள் நடந்தன. 2012ஆம் ஆண்டில் மேற்குப் பக்க மொசைக்குகளுக்கு மேலே புதிய கட்டடம் எழுப்பி, பார்வையாளர்கள் தரையை மிதிக்காமல் மேலேயிருந்து பார்க்க வசதி செய்தார்கள்.

*

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஆட்கள் என்ன ஆனார்கள்?

பழைய பதில் இதுதான். 407ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலிருந்த படை, மூன்றாம் கொன்ஸ்டன்டைன் என்ற தளபதியைப் பேரரசனாக அறிவித்தது. அவர் படையைக் கூட்டிக்கொண்டு கடலைத் தாண்டி இன்றைய பிரான்ஸ் பக்கம் போனார். அந்தப் படை திரும்பி வரவில்லை. 410ஆம் ஆண்டோடு உரோமின் ஆட்சி அங்கே முடிந்ததாக நூல்கள் எழுதுகின்றன.

படை போனால் என்ன நடக்கும்? படைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் உரோமிலிருந்து நாணயம் வந்தது. சிப்பாய் அதைச் சந்தையில் செலவழித்தான். சந்தைக்காரன் அதை விவசாயிக்குக் கொடுத்தான். விவசாயி வரியாகக் கட்டினான். சம்பளம் நின்றதும் இந்தச் சங்கிலி அறுந்தது. புதிய நாணயம் வரவில்லை. பெரிய அளவில் மட்பாண்டம் செய்த தொழிலகங்கள் வாங்குவோர் இல்லாமல் மூடப்பட்டன. நகரங்கள் தேய்ந்தன. இவை நடந்ததில் சந்தேகம் இல்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். அகழ்வாய்வாளர் ஒருவர் ஒரு தரையைத் தோண்டும்போது அது எந்தக் காலத்தது என்று எப்படி அறிவார்? பெரும்பாலும் நாணயத்தால். அதில் பேரரசனின் தலை இருக்கும், பெயர் இருக்கும், ஆண்டு கிடைத்துவிடும். அடுத்தது மட்பாண்டத்தால். எந்த வகைச் சட்டி எந்தக் காலத்தில் புழங்கியது என்ற பட்டியல் இருக்கிறது. 400 வரைக்கும் இந்தக் கடிகாரம் ஒழுங்காக ஓடும். அதற்குப் பிறகு நாணயமும் இல்லை, புதிய சட்டியும் இல்லை. கடிகாரம் நின்றுவிடுகிறது.

கடிகாரம் நின்றதை, ஆட்கள் போய்விட்டார்கள் என்று பலரும் வாசித்தார்கள். ஒவ்வொரு வில்லாவிலும் கடைசி நாணயம் 400ஐ ஒட்டி இருக்கும். உடனே, "இந்த வீடு 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். மிஞ்சியவர்கள் ஏதோ பிழைப்புக்கு விவசாயம் செய்து மறைந்தார்கள் என்பதுதான் பொதுவான எண்ணமாக இருந்தது. நம் வீட்டில் மணிக்கூடு நின்றால் நேரம் நின்றுவிட்டது என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் வரலாற்றில் அந்தப் பிழையைச் செய்வது எளிது.

இங்கே நம் நாட்டையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். இலங்கையில் கண்டெடுக்கப்பட்ட உரோம நாணயங்களில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்பு நாணயங்கள். அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட நாணயங்களும் நிறையக் கிடைத்திருக்கின்றன. உரோமின் ஆட்சிக்குள் நாம் ஒரு நாளும் இருந்ததில்லை. வியாபாரம் நடந்தது, நாணயம் வந்தது. ஆக, ஓரிடத்தில் உரோம நாணயம் இருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு, அங்கே ஆட்கள் இருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு. நாணயம் சொல்வது நாணயத்தின் கதையை மட்டும்தான்.

*

2017ஆம் ஆண்டில் செட்வேர்த்தின் வடக்குப் பக்கத்தில் 28ஆம் இலக்க அறையில் ஒரு மொசைக் தரை வெளிப்பட்டது. ஒரு பகுதி சிதைந்திருந்தது. ஓரத்தில் வட்டங்கள் வரிசையாக ஓடின. ஒரு வட்டத்துக்குள் பூ, அடுத்ததற்குள் முடிச்சு, பிறகு பூ, பிறகு முடிச்சு. முன்பு பெரிதாக இருந்த ஓர் இடத்தைச் சுவர் எழுப்பிப் பிரித்து இந்த அறையை உண்டாக்கியிருந்தார்கள். சுவர் எழுந்த பிறகுதான் அந்த அறையின் அளவுக்கு மொசைக் போட முடியும்.

நேஷனல் ட்ரஸ்டின் தொல்லியலாளர் மார்ட்டின் பாப்வேர்த் அணியினர் அந்தச் சுவரின் அத்திவாரக் குழியை ஆராய்ந்தார்கள். குழியை நிரப்பிய மண்ணுக்குள் கரித்துண்டும் எலும்பும் இருந்தன. ஃபெரர் காலத்தில் கொட்டப்பட்டிருக்கக்கூடிய அதே வகைக் குப்பை. அதைக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். உயிருள்ள மரமும் விலங்கும் தம் உடலில் காபன் 14 என்ற அணுவை எடுத்துக்கொண்டே இருக்கும். உயிர் போனதும் எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பது மெதுவாகச் சிதையும். 5,730 வருடத்தில் பாதியாகும். மிஞ்சியிருக்கும் அளவைப் பார்த்தால் உயிர் போன காலத்தைக் கணிக்கலாம். அதற்கு நாணயமும் வேண்டாம், பேரரசனும் வேண்டாம்.

2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சுவர் 424ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டப்பட்டிருக்க முடியாது. அதாவது அந்த மொசைக் 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியது. உரோமர் "போய்" ஒரு தலைமுறை கழிந்த பிறகு போட்டது. பிரித்தானியாவில் 5ஆம் நூற்றாண்டுக்குரியது என்று இப்படி உறுதியாகக் காலம் கணிக்கப்பட்ட முதல் மொசைக் அதுதான்.

இது ஏன் பெரிய விடயம்? ஒரு மொசைக் தரை போட என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் கற்பரல் போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை. அதற்கும் மேல் நுண்ணிய காரை. அது காய்வதற்குள் கல்லைப் பதிக்க வேண்டும். சுண்ணாம்புக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகும் ஆளும் வேண்டும். வெள்ளைக்கும் சாம்பல் நிறத்துக்கும் சுண்ணக்கல்லைத் தேடி எடுத்து வெட்ட வேண்டும், சிவப்புக்கு ஓட்டை உடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும். பூ எங்கே, முடிச்சு எங்கே என்று அளந்து கோடு போடத் தெரிந்த ஒரு கைவினைஞர் வேண்டும். அவருக்கு அதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் கூலி கொடுக்க வசதியும், "இந்த வீட்டில் நான் இன்னும் பல வருடம் இருப்பேன்" என்ற நம்பிக்கையும் உள்ள ஒரு வீட்டுக்காரர் வேண்டும். நாளை ஓடப் போகிறவன் தரைக்கு மொசைக் போட மாட்டான்.

அந்தத் தரையில் பிழைகளும் இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டு விருந்து மண்டபத் தரையோடு ஒப்பிட்டால் தரம் குறைவு. வடிவங்கள் சில இடங்களில் தடுமாறுகின்றன. கைவினைத் திறன் தேய்ந்துகொண்டிருந்ததன் அடையாளம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கொரினியத்தில் ஒரு காலம் மொசைக் கலைஞர்கள் பலர் இருந்தார்கள். வேலை குறைந்தது. கற்றுக்கொள்ள வருவோர் குறைந்தார்கள். நல்ல ஆசானிடம் முழுமையாகக் கற்காத ஒருவர், தாம் பார்த்ததை நினைவில் வைத்துப் போட்டிருக்கலாம். ஆசிரியனாக எனக்கு அந்தப் பிழைகள்தான் மனதில் நிற்கின்றன. ஒரு பேரரசின் வீழ்ச்சி சாதாரண மனிதரின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை அவை காட்டுகின்றன. முதலில் போவது உயிரல்ல, வீடும் அல்ல. சொல்லிக் கொடுக்கும் சங்கிலி.

இதை வைத்து, எல்லாம் நன்றாகவே இருந்தது என்று சொல்ல வரவில்லை. மற்ற வில்லாக்கள் சிலவற்றில் அழகான மொசைக் மீதே அடுப்பு மூட்டிய கரித்தடம் இருக்கிறது. எங்கும் ஒரே வேகத்தில் எல்லாம் நடக்கவில்லை. கிழக்குக் கரையில் சக்சனியர் குடியேறத் தொடங்கிய காலத்தில் மேற்கே சில இடங்களில் பழைய வாழ்க்கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மேற்கே, கோர்ன்வோல் கடற்கரையின் டின்டாஜலில் 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளின் மத்தியதரைக் கடல் மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. படை போன பிறகும் கப்பல் வந்திருக்கிறது.

செட்வேர்த் வில்லாவும் கடைசியில் வெறுமையானதுதான். கூரை விழுந்தது. மேட்டிலிருந்து மண் வழிந்து தரையை மூடியது. காடு வந்தது. ஆனால் அது கரும்பலகையில் நான் எழுதிய 410ஆம் ஆண்டில் ஒரே நாளில் நடந்ததல்ல.

*

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இரண்டு விடயங்கள்.

ஒன்று, பாடப்புத்தகத்தில் வரும் ஆண்டுகள் பெரும்பாலும் ஆட்சியின் ஆண்டுகள். அரசன் மாறிய நாள், படை போன நாள், கையெழுத்து வைத்த நாள். குடும்பங்களுக்கு வேறு ஆண்டுகள் இருக்கின்றன. சுவர் எழுப்பிய ஆண்டு, தரை போட்ட ஆண்டு, தொழிலைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போன ஆண்டு. அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை.

இரண்டு, ஆதாரம் இல்லை என்பதும் ஆட்கள் இல்லை என்பதும் ஒன்றல்ல. "அந்தக் காலத்து நாணயம் இல்லை, ஆகவே அங்கே எவரும் இருக்கவில்லை" என்று நூறு வருடத்துக்கு மேல் படித்தவர்களே நம்பியிருந்தார்கள். அதைத் திருத்தியது தங்கமல்ல, கல்வெட்டுமல்ல. அத்திவாரக் குழிக்குள் விழுந்த ஒரு கரித்துண்டும் எலும்பும்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு குற்ற உணர்வும் இருக்கிறது. எங்கள் உம்மம்மாவின் வீட்டுக்குப் பளபளப்பான சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தது. முன் விறாந்தையின் ஓரத்தில் கறுப்புக் கரை. அதைப் போட்ட மேசன் யார், எந்த வருடம், எந்தக் காசில் என்பதெல்லாம் உம்மம்மாவுக்குத் தெரியும். வீட்டை உடைத்து மாடி கட்டும்போது நான்தான் முன்னின்று செய்வித்தேன். வரலாறு படித்தவன் நான். ஒரு படம் கூட எடுக்கவில்லை. இப்போது உம்மம்மாவும் இல்லை, தரையும் இல்லை. ஒரு நாள் யாராவது, "இங்கே முன்பு யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை உடைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், காலத்துக்கு ஏற்ற வீடு வேண்டும். உடைப்பதற்கு முதல் நாள், கையிலிருக்கும் ஃபோனால் தரையை, கதவை, கிணற்றுக்கட்டை நான்கு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், இதை யார் கட்டினார், எப்போது என்று கேட்டு எழுதி, திகதியும் போட்டு வையுங்கள். பழைய கணக்குக் கொப்பி, காணி உறுதி, கடிதம் எதையும் குப்பை எரிக்கும்போது சேர்த்து எரித்துவிடாதீர்கள். கரித்துண்டை வைத்துக் கண்டுபிடிக்க ஆயிரத்து ஐந்நூறு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

நாளை பாடசாலைக்குப் போனதும் கரும்பலகையில் அந்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதப் போகிறேன். 410க்குக் கீழே மூன்றாவது வரியாக 424 என்று எழுதி, பக்கத்தில் இப்படிப் போடுவேன்: இந்த ஆண்டுக்குப் பிறகு, ஒரு வீட்டில், யாரோ புதுத் தரை போட்டார்கள்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ கேட்டது நல்ல கேள்வி மகன். அண்டைக்கு ஸேருக்கு ஒழுங்காப் பதில் தெரியல்ல" என்று வகுப்புக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். சிரித்த மற்றப் பிள்ளைகளும் அதைக் கேட்கட்டும்.